இடது ஓரத்தில் நின்றவருக்கு

உம்முடைய ஹெல்மெட் என் மேசை மேல் இருக்கிறது. பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்ததிலிருந்து அறை முழுக்க அதன் வாடைதான். மழைக்கு நமத்துப்போன பஞ்சு, பழைய வியர்வை, நீர் கழுத்தில் தேய்த்துக்கொண்டு வருவீரே, அந்தக் கற்பூரம் போட்ட தேங்காயெண்ணெய். ஒரு வருஷமாகப் பரணில் கிடந்தும் போகவில்லை. உள்ளே காது வரும் இடத்தில் இரண்டு பக்கமும் பஞ்சு கிடையாது. பிளேடால் அறுத்து எடுத்த தடம் மட்டும் இருக்கிறது.

காலையில் இசக்கி வந்திருந்தான். உம் பக்கத்தில் தோளோடு தோள் நின்று ஆடிய அதே இசக்கி. இப்போதும் லாரியில் லோடு ஏற்றத்தான் போகிறான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அண்ணாச்சி, அந்த ஹெல்மெட்ட மாஸ்டர் வாங்கிட்டு வரச் சொன்னாரு. ஒண்ணு கொறையுது."

"யாருக்குலே?"

"இடது ஓரத்துக்குப் புதுசா ஒருத்தன் வந்திருக்கான். நல்ல கனம்."

"சரி. பின்னால யாரு ஓடுதா?"

தரையைப் பார்த்தான். "மிக்கேல்தான்."

சாயங்காலம் கொண்டுவருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்புறம் வேறு வேலை ஓடவில்லை. அதனால் உமக்கு எழுதுகிறேன். உம்மோடு பேச வேண்டுமென்றால் எப்போதும் உமக்கு எதிரே வந்து, வெளிச்சம் என் முகத்தில் விழும்படி உட்கார வேண்டியிருந்தது. உதட்டைப் பார்த்துத்தான் நீர் பேச்சை வாங்கிக்கொள்வீர். இனி அந்தக் கட்டாயம் இல்லை.

உம்மை முதலில் பார்த்தது விக்கிரமசிங்கபுரத்தில், ஆலை அணிக்காக நீர் சடுகுடு ஆடிய நாளில். நான் அப்போதுதான் பத்திரிகையில் சேர்ந்திருந்தேன். மறுநாள் செய்தியில் நீர் பாறை போல நின்றதாக எழுதினேன். அடுத்த ஆட்டத்தில் நேரே என்னிடம் வந்தீர். "பாறைன்னு எழுதியிருக்கீரே, பாறைக்கு முட்டி வலிக்குமாவே?" என்றீர். அன்றிலிருந்து அந்த உவமையை நான் யாருக்கும் எழுதியதில்லை. உமக்குக் காது அப்போது நன்றாகவே கேட்டது. ஸ்பின்னிங் பிரிவின் இரைச்சலில் வருஷக்கணக்காக நின்று நின்று, பைய பையப் போயிற்று. முதலில் பறவைகள் போயின, பிறகு பேத்தியின் குரல் போயிற்று என்று ஒரு முறை சொன்னீர். பஸ் ஹாரன் மட்டும் மிச்சம் என்றும், அது போனால் நிம்மதி என்றும் சொல்லிச் சிரித்தீர்.

மாஸ்டர் அமெரிக்கன் ஃபுட்பால் என்கிற இந்த ஆட்டத்தைச் சென்னையில் கற்று ஊருக்குக் கொண்டுவந்தபோது பழைய சடுகுடு ஆட்களைத்தான் தேடிப் பிடித்தார். பேத்தி எடுத்த வயதில் வந்தவர் நீர் ஒருத்தர்தான். முன்வரிசைக்கு ஐந்து பேர் வேண்டும். ஓடத் தேவையில்லை, எதிரே வருகிறவனைத் தள்ளி நிறுத்தினால் போதும் என்றார். நீங்கள் ஐந்து பேரும் முதல் ஆட்டத்தில் செய்தது எனக்கு மறக்காது. பந்து கைமாறியதும் பழக்கதோஷத்தில் கைகோத்துச் சங்கிலி போட்டு நின்றீர்கள், எதிரணிக்காரன் பாடிக்கொண்டு வரப்போகிறான் என்பது போல. இரண்டு பேர் எதிராளியின் காலைக் கட்டிப் பிடித்துவிட்டீர்கள். நடுவர் ஊதிய விசிலில் எச்சில் தெறித்தது. "பிடிக்கக் கூடாதாம், தள்ளணுமாம். கல்யாண வீட்டுப் பந்திக்கு நிக்கிற மாதிரில்லாவே இருக்கு" என்றீர்.

பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துகிறவனைக் குவாட்டர்பேக் என்கிறார்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்பான். தூரத்தில் இருக்கிற தன் ஆளுக்குப் பந்தை எறிவான், அல்லது தானே தூக்கிக்கொண்டு ஓடுவான். எதிரணிக்கு அவனைச் சாய்ப்பதுதான் குறி. நம் அணியில் அவன் மிக்கேல். கடற்கரை ஊர்ப் பையன். கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஓர் இடத்தில் நிற்க மாட்டான். மணலில் ஓடிப் பழகிய கால், தரையைத் தொட்டதா என்று சந்தேகம் வரும். அந்த ஓட்டத்தைப் பார்க்கத்தான் ஜனங்கள் வந்தார்கள்.

முதல் வருஷம் ஓர் ஆட்டத்தில் அவன் எறியத் திரும்பிய நேரம், பின்னாலிருந்து ஒருத்தன் வந்து மோதினான். தலை தரையில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தான். சிரித்தான். எல்லோருக்கும் உயிர் வந்தது. அப்புறம் உம்மைப் பார்த்து, "வள்ளம் வந்துட்டா?" என்று கேட்டான். அவன் அப்பாவின் மீன்பிடி வள்ளத்தைத்தான் கேட்கிறான் என்று எங்களுக்கு உடனே புரியவில்லை. நீர் உதட்டைப் படித்துவிட்டு, "எந்த வள்ளம்லே?" என்றீர். அவன் மறுபடியும் அதையே கேட்டான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அதையே கேட்டான்.

மருத்துவர் தெளிவாகச் சொன்னார். ஆறிவிடும், ஆனால் இன்னொரு அடி தலையில் விழக்கூடாது. விழுந்தால் என்ன ஆகும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். நானும் அந்த அறையில் இருந்தேன். மாஸ்டரும் இருந்தார். வெளியே வந்ததும் அவர் சொன்னார்: "அடி விழாது. அவன யாரும் தொட முடியாத மாதிரி ஒரு வரிச கட்டுதேன்." வீடு கட்டுகிறவர் சொல்வது போல நிதானமாகச் சொன்னார். மிக்கேல் ஆடவேண்டாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. மிக்கேலும் சொல்லவில்லை, அவனுக்கு அந்த ஓட்டத்தை விட்டால் வேறு ஆசை கிடையாது.

நிற்கிற ஆளுக்கு முன்னால் வரிசை கட்டுவது எளிது. அவன் எங்கே இருக்கிறான் என்று ஐந்து பேருக்கும் தெரியும். ஓடுகிறவனுக்குக் கட்டுவதுதான் கஷ்டம். உங்கள் கண் முன்னால் இருக்க வேண்டும். அவனோ பின்னால் இடமும் வலமுமாகப் பாய்கிறான். அவன் இடது பக்கம் போனது தெரியாமல் நீர் எதிராளியை இடது பக்கமே தள்ளிவிட்டால், நீரே அவனைக் கொண்டுபோய் மிக்கேலிடம் ஒப்படைத்த மாதிரி. திரும்பிப் பார்த்தால் அந்த இமைப்பொழுதில் எதிராளி கடந்துவிடுவான். "திரும்பாதீங்க, திரும்பாதீங்க" என்று மாஸ்டர் தொண்டை கட்டக் கத்தினார்.

அப்புறம்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. மிக்கேல் பாடட்டும். பந்து கைக்கு வந்ததிலிருந்து சடுகுடு சடுகுடு என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டே ஓடட்டும். சத்தம் எந்தப் பக்கம் போகிறதோ அதை வைத்து முன்வரிசை நகரட்டும். சின்ன வயதிலிருந்து அந்தச் சத்தத்துக்குக் காலை மாற்றிப் பழகிய ஆட்கள் நீங்கள். இரண்டே வாரத்தில் ஐந்து முதுகுகளும் அவன் குரலோடு சேர்ந்து அசைந்ததைப் பார்த்தபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. அதை எழுதினேன். வெளியூரிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள்.

ஹெல்மெட்டுக்குள் சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்றதும் மாஸ்டர் ஐந்து ஹெல்மெட்டிலும் காதுப் பஞ்சை அறுத்தார். உம்முடையதையும்தான். "எங்காதுக்கு ரெண்டு பக்கமும் கதவத் தெறந்து வச்சா மட்டும் யாரு வரப் போறா?" என்று கேட்டுவிட்டு அறுத்த பஞ்சை இசக்கியின் பையில் போட்டீர், பிள்ளைக்குத் தலையணை செய்யச் சொல்லி.

உமக்குப் பாட்டு கேட்காது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். உம்மை எடுத்துவிடலாமா என்று மாஸ்டர் யோசித்தார். ஆனால் உம் இடம் இடது ஓரம். மிக்கேல் வலது கைக்காரன். எறியத் திரும்பும்போது அவனுடைய முதுகு அந்தப் பக்கம்தான் இருக்கும். முதல் அடியும் அங்கிருந்துதான் வந்தது. உம் அளவுக்கு அங்கே நிற்க ஆள் இல்லை. அதனால் இசக்கி உமக்குக் காதானான். மிக்கேல் இடது பக்கம் வந்தால் இசக்கி தன் இடுப்பால் உம் இடுப்பில் ஒரு முட்டு முட்டுவான். வலது பக்கம் போனால் உம் சட்டையை ஒரு இழு இழுப்பான். "கல்யாணமாகி இத்தன வருஷத்துல எம் பொண்டாட்டி கூட இவ்வளவு முட்டினதில்ல" என்றீர். இசக்கி, "அண்ணி கிட்டச் சொல்லுதேன்" என்றான்.

அந்தச் சிரிப்பெல்லாம் வெயில் இருந்தவரைக்கும்தான். ஐப்பசி பிறந்தது. பாபநாசம் பக்கம் நல்ல மழை. ஆறு செம்மண் நிறத்தில் கரை தொட்டு ஓடிற்று. மைதானத்துக்கு அந்த இரைச்சல் வந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் பயிற்சி முடிந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர். ஈரக் காலில் ஒட்டிய புல்லை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே சொன்னீர்:

"அந்தப் பய பாடுதான்லா, அது சரியாவா இருக்கு?"

"சத்தம் கேக்குதே வே."

"சத்தம் எனக்கெதுக்கு. நான் வாயல்லா பாக்குதேன். தண்ணி குடிக்கப் போகும்போது, எதிர்ல வரும்போது, பாடிக்கிட்டேதான் வாரான். இன்னைக்கு நடுவுல வாய் மாறிட்டு."

"என்ன மாறிட்டு?"

"சடுகுடு இல்ல. வள்ளம்னு சொல்லுது."

அடுத்த நாள் நான் கவனித்துக் கேட்டேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கேட்டது. சடுகுடு, சடுகுடு, சடுகு, சடுகு, சடுகு. ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழ முடியாமல் சுற்றுவது போல. பிறகு எழுந்து ஒழுங்காக ஓடிற்று. மாஸ்டரிடம் சொன்னேன். "மூச்சு வாங்குதான், அவ்வளவுதான்" என்றார். நீரும் போய்ச் சொன்னீர். உமக்கு அவர் வேறு பதில் வைத்திருந்தார்: "நீரு எதுக்குவே பின்னால பாக்கீரு? உம்ம வேல முன்னால." மிக்கேலிடமே கேட்டீர். அவன் உம் தோளைத் தட்டி, "ஒண்ணுமில்லண்ணே, எங்க ஊர்க் காத்து நெனப்புல வந்திருக்கும்" என்றான். அந்த வாரம் அவன் இரண்டு முறை தன் சைக்கிளை மைதானத்தில் விட்டுவிட்டு நடந்தே அறைக்குப் போனான்.

நான் திரும்பவும் மாஸ்டரிடம் போய், பாட்டு நின்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "நிக்காது" என்றார். இத்தனை வருஷத் தொழிலில் அந்த மாதிரிப் பதிலைப் பல பேரிடம் கேட்டிருக்கிறேன். அணைக்கரையில், பாலம் கட்டும் இடத்தில், பட்டாசுக் கிடங்கு வாசலில். சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. நம்பித்தான் சொல்வார்கள்.

ஆட்டத்தன்று காலையில் மழை விட்டிருந்தது. தரை ஈரம். மேற்கேயிருந்து வந்த அணி. நல்ல பயிற்சி பெற்றவர்கள். கடற்கரையிலிருந்து மிக்கேலின் ஆட்கள் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். முதல் பாதியில் அவன் ஓட்டம் பார்க்கப் பார்க்கத் திகட்டவில்லை. பாட்டு கணீரென்று கேட்டது. நீர் இசக்கியின் முட்டுக்கு அசைந்து அசைந்து உம் எதிராளியை ஒரு முறைகூட உள்ளே விடவில்லை. இடைவேளையில் என்னைப் பார்த்து மூக்கைச் சுளித்தீர், அவ்வளவுதான் உம்முடைய வெற்றிச் சிரிப்பு.

இரண்டாம் பாதியில் பந்தை வாங்கிய மிக்கேல் இடது பக்கமாக வந்தான். நான் கோட்டுக்கு வெளியே, உமக்கு நேர் பின்னால் நின்றேன். சடுகுடு சடுகுடு என்று வந்தான். சடுகு, சடுகு என்று ஆயிற்று. அப்புறம் ஒன்றுமில்லை.

பாட்டு நின்றது.

சடுகுடு ஆடியவனுக்குத்தான் அடுத்து நடந்தது புரியும். பாட்டு நின்றால் ஆட்டம் செத்தது. பாடி வந்தவன் அவுட்; பிடித்தவன் கையை எடுத்துவிட வேண்டும், எழுந்து நிற்க வேண்டும். சின்னப் பிள்ளையிலிருந்து உடம்பில் ஊறிய சட்டம். நடுவர் விசில் ஊதவில்லை. பந்து உயிரோடுதான் இருந்தது. ஆனால் நம் வரிசையில் நான்கு பேர் கையை இறக்கி, முதுகை நிமிர்த்தி, நின்றுவிட்டார்கள். இசக்கியும் நின்றான். கதவு திறந்துகொண்ட மாதிரி வலது பக்கமிருந்து எதிரணியின் ஓட்டக்காரன் ஒருத்தன் புகுந்தான்.

உமக்கு நின்றது கேட்கவில்லை. உம் இடுப்பில் முட்டு விழவில்லை, சட்டையை யாரும் இழுக்கவில்லை. அதுதான் உமக்குத் தெரிந்தது. நீர் திரும்பிப் பார்த்தீர்.

மிக்கேல் பந்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். கண் எங்கோ கிழக்கே இருந்தது. உம் எதிராளியை ஒரு தள்ளில் சாய்த்துவிட்டு அவனிடம் போனீர். நீர் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. ஓடி வந்தவன் தலையைத் தாழ்த்தியிருந்தான். நீர் நடுவில் போய் விழுந்தீர். ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் மோதிய சத்தம் தேங்காய் உடைகிற மாதிரி இருந்தது என்று மறுநாள் ஒருத்தர் சொன்னார். அப்படி இல்லை. அது சின்னச் சத்தம்தான்.

மிக்கேல் விழவே இல்லை. கீழே கிடந்த உம்மைக் குனிந்து பார்த்தான். "வள்ளம் வந்துட்டா?" என்று உம்மிடமே கேட்டான்.

காதுப் பஞ்சு இல்லாததால் ஹெல்மெட் நழுவி, அதனால்தான் கழுத்து அப்படி மடங்கியதா என்று மருத்துவரிடம் கேட்டேன். தெரியாது, அதைச் சொல்லவும் முடியாது என்றார். நானும் அதற்கு மேல் எழுதவில்லை. இப்போதும் எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து நீர் கட்டிலில் கிடந்த மாதங்களில் விக்கிரமசிங்கபுரத்துக்கு அடிக்கடி வந்தேன். கழுத்துக்குக் கீழே எதுவும் உம் பேச்சைக் கேட்கவில்லை. முகத்தைத் திருப்ப முடியாது என்பதால் உமக்கு மேலே குனிந்து நின்றுதான் பேசவேண்டும். முதல் நாள் நீர் கேட்டது ஒன்றுதான்.

"அவந் தலையில அடி பட்டுதா?"

"இல்ல வே."

"கையாவது பட்டுதா எவனோடதாவது?"

"யாரும் தொடல்ல."

"பொறவு என்ன, அந்த மனுசன் சொன்ன வரிச கட்டியாச்சு." மூக்கைச் சுளித்தீர். அப்புறம், "ஆனா வாயப் பாக்க ஆள் வேணும்வே. இவனுவ எல்லாரும் காத மட்டும்தான் நம்புதானுவ" என்றீர். ஆடி பிறந்து குற்றாலச் சாரல் காற்று வந்ததும் நெஞ்சில் சளி கட்டியது. அத்தோடு போய்விட்டீர். ஹெல்மெட்டை என்னிடம் கொடுத்தது உம் மனைவிதான். வீட்டில் அது இருக்கவேண்டாம் என்றாள்.

இங்கே நிறுத்திவிட்டு மைதானத்துக்குப் போனேன். இதை எழுதுவது திரும்பி வந்த பிறகு.

மாஸ்டர் இளைத்திருக்கிறார். உம் பேச்சை எடுத்தால் கண் கலங்குகிறார். ஆனால் வரிசையைக் கட்டிக்கொண்டேதான் இருக்கிறார். உம் இடத்தில் நிற்கிறவனுக்கு நல்ல காது. ஐந்து முதுகும் என் பக்கம். பின்னால் மிக்கேல் ஓடினான். கால் அப்படியே இருக்கிறது, அதே அழகு. நான் காதைக் கொடுக்கவில்லை. கோட்டோரமாக நடந்து அவனுக்கு எதிரே வந்து வாயைப் பார்த்தேன். கம்பி முகமூடிக்குள் உதடு அசைவது தெரிந்தது. உம் அளவுக்கு எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பாட்டுக்கு உதடு குவியும் இடத்தில் அவன் உதடு விரிந்தது. அது தெரிந்தது.

தண்ணீர் குடிக்க வந்தபோது ஹெல்மெட்டை அவன் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். பஞ்சு அறுத்த இடத்தில் விரலை விட்டுத் தடவினான். நல்ல பிள்ளையாகச் சிரித்தான்.

"யாருது அண்ணாச்சி இது? காதுல பஞ்சக் காணோமே."

உம் கட்டிலுக்குப் பக்கத்தில் நாள் தவறாமல் வந்து உட்கார்ந்து அழுத பையன். உம்மைச் சுமந்த நால்வரில் ஒருத்தன்.

பக்கத்தில் நின்ற இசக்கியைப் பார்த்தேன். அவன் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டான். மாஸ்டர் விசில் ஊதினார். மிக்கேல் ஓடக் காலை எடுத்தான். அவன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வள்ளம் வந்துட்டுலே மிக்கேல்" என்றேன்.

நின்றான். முகத்தில் இருந்த ஓட்டமெல்லாம் அடங்கியது. "வந்துட்டா?"

"ஆமா. எல்லாரும் எறங்கிட்டாங்க. வா, வீட்டுக்குப் போவோம்."

கையை என் கையிலேயே விட்டுவிட்டு நடந்தான். பின்னால் விசில் மறுபடியும் கேட்டது, பிறகு மாஸ்டரின் குரல். பஸ் ஏற்றி, அவன் அம்மாவுக்குப் போன் போட்டு, கடற்கரை ஊர் வரைக்கும் கூடவே போய் விட்டுவிட்டு வந்தேன். மருத்துவரை நாளைக்குப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நானும் போவேன். அவன் நாளை சாயங்காலம் மைதானத்துக்குக் கிளம்பமாட்டான் என்று சொல்ல என்னால் முடியாது. கிளம்பினால் அவனுக்கு எதிரே போய் நிற்பேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

ஹெல்மெட்டை இசக்கியிடம் கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. மறுபடி மேசை மேல்தான் வைத்திருக்கிறேன். முகக் கம்பி ஜன்னலைப் பார்க்க வைத்திருந்தேன். எழுத உட்காரும்போது என் பக்கம் திருப்பி வைத்தேன்.